கேக்காம ஒடிச்ச குச்சி

இட்லிப்பூச் செடி வளக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க சார். பென்சில் மொத்தத்துல ஒரு குச்சிய ஒடிச்சு, அடி இலையெல்லாம் கிள்ளிட்டு, நெழல்ல சொருகி வெச்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு, கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கின குச்சி வேர் புடிக்காது. திருடினதுதான் தழைக்கும். எங்க உத்தனப்பள்ளியில யார வேணா கேளுங்க.

என் வூட்டுல செவப்பு, மஞ்சள், ரோஸ், வெள்ளை எல்லாம் நிக்குது. அத்தனையும் திருட்டு. எம்மவன் முனிராஜ் வேலை செய்யற ஓசூர் கம்பெனி வாசல்ல ஆரஞ்சு கலரு வேலி கட்டி நிக்கும். செக்யூரிட்டி சுடலைமுத்து திருநெல்வேலிக்காரரு. "ஏன் ஆச்சி, நானே ஒடிச்சுத் தாரேம்லா"ன்னாரு.

"நீ குடுத்தா பட்டுப்போயிடும் சாமி. சித்த அந்தப் பக்கம் திரும்பிக்கோ"ன்னேன்.

திரும்பிக்கிட்டாரு, தோளு மட்டும் குலுங்குது. நானும் சிரிச்சுக்கிட்டே ஒடிச்சேன். பஸ்ல வர்றப்போ எனக்கு என்னமோ பதினாறு வயசாட்டம் இருந்துச்சு.

முனிராஜுக்குப் புள்ளையில்ல. மருமக வினோதாவோட அக்கா சுகுணா தங்கமானவ. "எம் மூணாவத எடுத்துக்கோங்க அத்தை"ன்னு அவளே வந்து நின்னா. வினோதா கைய நீட்டிட்டா. நாந்தான் வேணாம்னேன். குடுத்தது எங்க சார் நிக்கப் போவுது?

கம்பெனிக்குப் பக்கத்துல புதுசா கட்டடம் எழும்புது. அங்க வடக்கத்திப் பொண்ணு ஒருத்தி செங்கல்லு சொமக்கறா. வேப்பமரத்துல சேலைத் தூளி கட்டி பாப்பாவப் போட்டிருப்பா. பாஷை தெரியாட்டியும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்புதான். நேத்து பாப்பாவ என் மடியில வெச்சுட்டு வேலைக்குப் போனா.

அங்கதான் நான் நிதானமா யோசிச்சேன். மடியில இருந்தே தூக்கிட்டு வந்தா அவ குடுத்த மாதிரி ஆயிடும். அதனால பாப்பாவ மறுபடி தூளியில போட்டேன். அவ வந்து எட்டிப் பாத்தா, என்னைப் பாத்துச் சிரிச்சா, செங்கல்லத் தூக்கிக்கிட்டு சாரத்துல ஏறினா. முதுகு தெரிஞ்சதும் எடுத்துக்கிட்டேன்.

பஸ்ல எனக்குச் சிரிப்பு அடங்கல. கண்டக்டர் தம்பி கூட, "என்னா பாட்டி, பேத்தியா"ன்னாரு. "ஆமா சாமி, இன்னைக்குத்தான் பொறந்தா"ன்னேன்.

ஓன்னு அழுதுச்சுதான். எடம் மாத்துனா எதுவும் ரெண்டு நாளைக்கு வாடத்தான் செய்யும். அந்தப் பொண்ணு ஸ்டேஷனுக்கு வெளியில அழுவறதும் கேக்குது. சின்ன வயசு, இன்னொண்ணு பெத்துக்குவா.

வூட்டுக்குள்ள போனதும் வினோதா, "என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க அத்தை"ன்னு பாப்பாவ மார்ல அணைச்சுக்கிட்டு அப்படி அழுதா. அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணதும் அவதானாமே. சந்தோஷம் வந்தா நாலு பேருக்குச் சொல்லத்தானே சார் தோணும்.