ஐந்து ஜோடிச் செருப்பு

செருப்பிலிருந்து தொடங்கினால்தான் ஐயா உங்களுக்குப் புரியும், நீங்களோ பெயரும் வயதும் முதலில் வேண்டும் என்கிறீர்கள், சரி, அதையே சொல்கிறேன். என் பெயர் அம்சவல்லி, வயது 54, காலஞ்சென்ற இராஜாங்கத்தின் மனைவி, மேலக்கருக்குடி தெற்குத் தெருவில் குடியிருக்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன், கையெழுத்துப் போடுவேன். இந்த வழக்கில் முதல் எதிரியாகச் சேர்த்திருக்கும் அரசப்பன் என் தம்பி ஐயாவுவின் மகன்.

தம்பி குத்தகைக்கு உழுகிற ஆறு மா நிலத்தில் இந்தக் குறுவையைத் தாங்களே அறுத்துக்கொள்ளப் போவதாகப் பண்ணை ஏஜெண்டு ரெத்தினம் சொல்லிவந்தார். சனிக்கிழமை ஆள் இறங்கும் என்று பெருமாள் கோயிலில் என் காதில் விழுந்தது. தம்பியிடம் மட்டும் சொன்னேன். அரசப்பன் விவசாயிகள் சங்கத்துப் பிள்ளை, அடிதடி என்றால் முன்னால் போய் நிற்பான். அதனால் அவனிடம் மறைத்து, அரண்மனை பார்க்கலாம் வா என்று 25-9-1971 சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் நான்தான் அவனைத் தஞ்சாவூருக்கு இழுத்துப் போனேன். கூட வந்தவர்கள் அவன் தாய் பொன்னுத்தாய், என் மகள் கண்ணாத்தாள், அவளுடைய இரண்டு பிள்ளைகள்.

அரண்மனை முற்றத்தில் புளிச்சோறு எடுத்து வைத்தேன். புரட்டாசிச் சனி என்பதால் நான் சாப்பிடவில்லை, மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அதன் பிறகு பதினோரு மணிக்கு டிக்கெட் வாங்கினோம். உள்ளே செப்புச் சிலைகள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், சாமி இருக்கிற இடத்துக்குச் செருப்போடு போவதா என்று எல்லோரையும் கழற்றச் சொன்னேன். வாசலில் இருந்த ஆள் கழற்ற வேண்டாம் என்றுதான் சொன்னார். அரசப்பன் சிரித்தான்.

"டிக்கெட் போட்டுக் காட்டுற சாமிக்கு என்னத்தை மடி ஆசாரம்?"

"ஒனக்கு உள்ள வர யோக்கியதை இல்லடா. இங்கயே ஒக்காந்து செருப்பப் பாத்துக்க. நான் வர்ற வரைக்கும் எடத்த விட்டு நவுந்தே, அப்புறம் எம் மொகத்துல முழிக்காத."

"சரி அத்தை. தெய்வத்த நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றான்.

ஐந்து ஜோடிச் செருப்பையும் சோற்றுப் பையையும் அவனிடம் விட்டு உள்ளே போனோம். அதன் பிறகு சிலைகளைப் பார்த்தோம், நடராஜர் முன்னால் நான் கற்பூரம் எடுக்கப் போய்க் காவல்காரர் தடுத்தார். அதன் பிறகு மேல்மாடிக்கு ஏறினோம். பன்னிரண்டு மணிக்குமேல் பெருமழை பிடித்துக்கொண்டது, ஒன்றரை வரை இறங்க முடியவில்லை. ஊரில் அன்று ஒரு தூறல்கூட இல்லையாம். அதனால்தான் அறுப்பு நடந்ததும், பன்னிரண்டரை மணிக்கு ரெத்தினத்தின் மண்டை உடைந்ததும். மழை விட்டபிறகு பிள்ளைகள் அரண்மனையின் இன்னொரு பகுதியையும் பார்க்க வேண்டும் என்றார்கள், அதையும் பார்த்து மூன்று மணிக்கு வெளியே வந்தோம். நாங்கள் விட்ட இடத்திலேயே அரசப்பன் உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு சிவகங்கைப் பூங்காவுக்குப் போய் மான் பார்த்தோம். அங்கேயும் பஸ்ஸிலும் நான் அவனோடு பேசவில்லை. எதற்குக் கோபம் என்று கேட்கிறீர்கள், இப்போது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் ஏட்டு ஐயா பிள்ளையார் கோயில் வாசலில் வைத்து, பதினொன்றிலிருந்து மூன்று வரை அவனைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். சாமி முன்னால் பொய் வரவில்லை, பார்க்கவில்லை என்றேன். யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஊருக்குப் போய் அடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான் என்று எழுதிக்கொண்டு அவனைப் பிடித்துப் போனார்கள். போகும்போது அவன், "நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க, அழுவாதீங்க அத்தை" என்றான். அவனை ஊரில் விட்டிருக்கலாம். இல்லாவிட்டால் உள்ளேயாவது கூட்டிப் போயிருக்கலாம். பொன்னுத்தாய் நான்கு நாளாக என் வாசலை மிதிக்கவில்லை.

இதுவரை சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) இ. அம்சவல்லி
29-9-1971

கையெழுத்திட்ட பின் சாட்சி மேலும் சொன்னது:

ஐயா, பேனாவை மூடாதீர்கள். கோபம் எதற்கு என்று இப்போதுதான் வந்தது. மூன்று மணிக்கு நான் போய் நின்றபோது அவன் தலையிலிருந்து கால்வரை தெப்பமாக நனைந்திருந்தான், வேட்டி நுனியை அப்போதும் பிழிந்துகொண்டிருந்தான். செருப்பைக் காணோமே என்றேன். பிள்ளைகளுடைய புதுச் செருப்பு நனைந்துவிடும் என்று ஐந்து ஜோடியையும் ரெக்சின் பைக்குள், மீதிப் புளிச்சோற்றின் மேலேயே போட்டு, மடியில் அணைத்து வைத்திருந்தான். "சோத்துப் பையில செருப்பப் போட்டியேடா பாவி" என்று நாலு பேர் பார்க்க ஏசிவிட்டு, சோற்றை அங்கேயே காக்காய்க்குக் கொட்டினேன். வீட்டுக்கு வந்ததும் தீட்டு என்று பையைக் கொல்லையில் விட்டெறிந்தேன். அங்கேதான் கிடக்கும். செருப்பு ஒன்றில்கூட ஈரம் இல்லை ஐயா.