வேட் ஃபென்டனின் இடது பக்கம்

ரொட்டி நேற்று வாங்கியதுதான் டெல்லா, ஆனால் கசகசா வைத்த ரொட்டி இரண்டாம் நாள்தான் ருசி. எடுத்துக்கொள். நான் பேசிக்கொண்டே இருப்பேன், நீ சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். உன் அப்பாவின் அடக்கம் சனிக்கிழமைதானே, நேரம் இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டாய். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியையே போட விடமாட்டாள், அதனால் உனக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகப் பிடிபடாது. கால்பந்து என்று பேர், பந்து இருப்பதோ கையில். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் பந்து மறுபடி நமக்கே. முன்னேற இரண்டு வழி. ஒருவன் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்கள் வழி உண்டாக்க, அந்த இடுக்கில் அவன் புகுந்து ஓடுவது ஒன்று. ஆட்டத்தை நடத்துகிறவன், குவார்ட்டர்பேக் என்பார்கள், பின்னால் தள்ளி நின்று, தூரத்தில் ஓடுகிறவனுக்குப் பந்தை எறிவது இன்னொன்று.

முதல் வழியில் மூன்று கெஜம், நாலு கெஜம்தான் கிடைக்கும். ஆனால் பந்து நம்மிடமே இருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், எதிராளி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பான். எறிந்தால் அப்படியில்லை. நம் ஆள் பிடித்தால் பிரமாதம். கீழே விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். எதிராளி பிடித்துவிட்டால் குடி முழுகிவிடும். நான் நிதானமான ஆள், எனக்கு எது பிடிக்கும் என்று உனக்கே தெரியும்.

அந்த ஐந்து தடியர்களில் இடது கோடியில் நிற்பவன் நான். எங்களுக்குப் பின்னாலிருந்து ஓடுகிறவன் ஓடிஸ் பெல்லமி, அலபாமாக்காரன், என் சிநேகிதன். நான் திறந்த வழியில் அவன் ஓடுவான். எதிரே நிற்பவனின் நெஞ்சில் நான் போய் மோதும்போது அவன் மூச்சு மொத்தமாக வெளியே வரும். கன்றுக்குட்டி இருமுவது போல ஒரு சத்தம். வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அதில் என்ன தப்பு? அதற்குத்தானே சம்பளம் கொடுத்தார்கள்.

பிறகு டெக்சாஸிலிருந்து உன் அப்பா வேட் ஃபென்டன் குவார்ட்டர்பேக்காக வந்தான். அவனை எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடித்தது. என்னைவிட எட்டொன்பது வயது சின்னவன், முதல் நாளே என்னைப் பெருசு என்று கூப்பிட ஆரம்பித்தான்.

"பெருசு, இப்படி மூணு மூணு கெஜமா நகந்தா, அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குத் தல நரச்சிடும்."

"நரைக்கிற வரைக்கும் நீ முழுசா இருக்கணும்னா அப்படித்தாண்டா நகரணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாதான் அதிகம் சிரித்தான்.

எறிகிறவர்களுக்குச் சாதகமாக விதிகளை மாற்றிய காலம் அது. எங்கள் கோச் ஹால்வர்சன் பழைய ஆள், ஓட்டத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். அவரையே உன் அப்பா பாதி ஆட்டப் பருவத்துக்குள் கரைத்துவிட்டான். அக்டோபரில் ஒருநாள் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரூடி, இனிமே பந்து பறக்கப் போவுது. நீ அவன் முதுகப் பாத்துக்கோ. அவ்வளவுதான் உன் வேல."

"அப்ப ஓடிஸ்?"

"ஓடிஸும் அவன் முதுகப் பாத்துக்குவான்" என்றார்.

உன் அப்பா வலது கைக்காரன். எறியத் தயாராகும்போது உடம்பு வலது பக்கம் திரும்பிவிடும், இடது பக்கம் அவன் கண்ணிலேயே படாது. அந்தப் பக்கத்துக்கு நான்தான் கண். ஓட்டம் என்றால் என் முதல் அடி உள்பக்கமாக, முன்னால். எறிதல் என்றால் முதல் அடி பின்பக்கமாக. பின்னால் நகர்ந்துகொண்டே, கையை நீட்டிக்கொண்டு, ஓடி வருகிறவனைக் கெஞ்சுகிற மாதிரி தடுக்க வேண்டும். இப்போது மூச்சு வெளியேறுவது என் நெஞ்சிலிருந்து. எனக்கு அவமானமாக இருந்தது. அரங்கமே எழுந்து நின்று வானத்தில் போகும் பந்தைப் பார்க்கும்போது நான் மல்லாந்து கிடப்பேன்.

ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை. ஓடிஸுக்காகவும் அணிக்காகவும்தான் செய்தேன். அவன் ஓடுவது பாதியாகக் குறைந்துவிட்டது. ஒருவருமே அவனுக்காகப் பேசவில்லை.

முதலில் உன் அப்பாவுக்குக் கொஞ்சம் பயம் காட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆட்டத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, வருகிறவனை அரை நொடி முன்னதாக விட்டுவிடுவேன். உன் அப்பா அடிபட்டு விழுவான். நானே போய்க் கைகொடுத்துத் தூக்குவேன். எறிந்தால் அடி விழும் என்று உடம்புக்குப் புரிந்துவிட்டால் தானாக ஓட்டத்துக்குத் திரும்பிவிடுவான் என்பது என் கணக்கு. குதிரையைக்கூட அப்படித்தான் பழக்குகிறார்கள். ஆனால் அவன் ஒவ்வொரு முறையும் வாயிலிருக்கும் புல்லைத் துப்பிவிட்டு ஒரே மாதிரி சொல்வான்.

"என் தப்பு பெருசு. பந்த ரொம்ப நேரம் கையில வச்சிருந்துட்டேன். உன் பேரு கெட்டுடக் கூடாது, கோச்கிட்ட நானே சொல்லிடறேன்."

சொல்லவும் செய்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவன் அடியிலிருந்து ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது, நீயே சொல்.

டிசம்பரில் குவார்ட்டர்பேக் தன் முன்வரிசைக்காரர்களுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். உன் அப்பா எங்கள் ஐந்து பேருக்கும் அளவெடுத்துக் கம்பளிக் கோட்டு தைத்துக் கொடுத்தான். என் தோளுக்குக் கடையில் எதுவும் சேராது, அதைக் கவனித்திருக்கிறான். நல்ல மனசு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன்.

ஏரிக் காற்று முகத்தை அறுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு புள்ளி முன்னால். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். மூன்றாவது முயற்சி, ஆறு கெஜம் தேவை. கோச் ஓட்டத்தைச் சொல்லி அனுப்பினார். ஓடிஸ், என் பக்கமாக. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வரிசையில் குனிந்து நின்றேன். பின்னாலிருந்து உன் அப்பாவின் குரல் கேட்டது.

"நீலம். நீலம்."

நீலம் என்றால் கோச் சொன்னது ரத்து, குவார்ட்டர்பேக் சொல்வதுதான் ஆட்டம் என்று அர்த்தம். அடுத்து அவன் சொன்ன எண் நீளமான எறிதலுக்கானது. ஒன்றை உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் பார்த்தது சரி. எதிராளிகள் எல்லோரும் ஓட்டத்தைத் தடுக்கவென்று முன்னால் வந்து குவிந்திருந்தார்கள். ஓடிஸ் ஓடியிருந்தால் ஒரு கெஜம்கூடத் தேறியிருக்காது.

என் எதிரே நின்றவன் சீகர்ஸ். இருபத்துமூன்று வயது, நாய் மாதிரி ஓடுவான். பந்து நகர்ந்ததும் நான் முதல் அடியை உள்பக்கமாக வைத்தேன், ஓட்டத்துக்கு வைப்பது போல. ஒரே அடி. சீகர்ஸ் என் தோளை உரசிக்கொண்டு போனான்.

உன் அப்பா எறிந்து முடித்த கை இன்னும் கீழே இறங்கவில்லை. சீகர்ஸின் தலைக்கவசம் பின்னங்கழுத்துக்குக் கீழே போய் இடித்தது. தனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான் என்பதே உன் அப்பாவுக்குத் தெரியாது. பந்து போய்ச் சேர்ந்துவிட்டது, நம் ஆள் பிடித்துவிட்டான், ஆட்டம் எங்களுடையது. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். எழுபதாயிரம் பேரும் அந்தக் கோடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில் உன் அப்பா கிடந்ததை அவர்கள் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வழக்கம்போலக் கைகொடுக்கப் போனேன்.

"பெருசு, கைய எங்க வச்சிருக்கேன்னு தெரியல" என்றான்.

மருத்துவமனை நடைபாதையில் சீகர்ஸ் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். உள்ளே போகத் தைரியமில்லை. நான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"வழி தெறந்து கெடந்துச்சுங்க. எதுக்க ஆளே இல்ல. வந்த வேகத்துக்கு என்னால நிறுத்த முடியல."

"நீ உன் வேலையச் செஞ்சே. மனசுல வச்சுக்காதே" என்றேன்.

அவன் மனசில்தான் வைத்துக்கொண்டான். அடுத்த வருடமே ஆட்டத்தை விட்டான். பிறகு குடி. உன் அப்பாவுக்கு அவன் பூங்கொத்து அனுப்பிக்கொண்டிருந்ததை நீ பார்த்திருப்பாய். ஒரு வார்த்தை சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றலாம். நான்தான் தேற்றினேனே.

திங்கட்கிழமை இருட்டறையில் ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலைமுறை. யார் எங்கே கோட்டைவிட்டான் என்பதைக் கோச் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவார். அன்று என் காலை ஓட்டினார். உள்ளே போகும், வெளியே வரும், உள்ளே போகும். பிறகு விளக்கைப் போடச் சொன்னார். அழுதுகொண்டிருந்தார்.

"ஓட்டத்துக்குப் பழகுன காலு. வருஷக்கணக்கா நான்தானே பழக்குனேன். பாதிப் பருவத்துல மாத்துன்னா எப்படி மாறும்? தப்பு என்னோடது. ரூடிய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த அடியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஓடிஸ் எனக்காகக் காத்திருந்தான். அந்த எறிதலில் அவன் என் பக்கமாக வெளியே ஓடியவன், என்னிடமிருந்து பத்தடி தூரம்கூட இல்லை.

"படத்துல சத்தம் இல்ல ரூடி."

"அதுக்கென்ன இப்ப?"

"எவனாவது நம்மளத் தாண்டிட்டா நாம கத்துவோம். பாத்துடா, பின்னாடின்னு. யாரும் சொல்லித் தரல, தானா வாயில வரும். பதினஞ்சு வயசுப் பையன்கூட கத்துவான். நீ கத்தல."

"மூச்சு வாங்கிட்டிருந்தேன்."

"ஒன்ன அவன் தொடவே இல்லையே. எதுக்கு மூச்சு வாங்குச்சு?"

"உனக்காகத்தாண்டா" என்றேன்.

அவன் கார்க் கதவைத் திறந்தான். "எம்பேர இதுல இழுத்தே, ஒன்னக் கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். அந்தப் பருவம் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டான். போய்ச் சொல்லியிருந்தாலும் யார் நம்புவார்கள், படத்தில் காதுக்கு ஒன்றும் இல்லையே. அதன்பின் என்னிடம் பேசவே இல்லை. சிலருக்கு நன்றி என்பது தெரியாது.

நாங்கள் ஓட்டத்துக்குத் திரும்பினோம். அடுத்த இரண்டு ஆட்டங்களும் தோற்றோம், ஆனால் கௌரவமாகத் தோற்றோம்.

மிச்சம் உனக்கே தெரியும். வியாழக்கிழமை தவறாமல் வந்தேன். உன் அம்மா கடைக்குப் போய்வர அந்த ஒரு மத்தியானம்தான் அவளுக்குக் கிடைத்தது, அதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நீ ரூடி மாமா என்று என் முதுகில் ஏறுவாய். உன் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பேன், சவரம் செய்வேன், சூப் ஊட்டுவேன். அவள் இல்லாத நேரத்தில் டிவியில் பழைய ஆட்டத்தின் டேப்பைப் போடச் சொல்வான். யாராவது நீளமாக எறிந்தால் அவன் கண் மலரும்.

"பாத்தியா பெருசு, நம்ம அன்னிக்கி எறிஞ்ச மாதிரியே."

அப்படிச் சொல்லும் நாட்களில் சூப்பை ஆற்றாமல் கொடுப்பேன். நாக்கு சுட்டாலும் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். உடம்பில் அவனுக்கு உணர்ச்சி மிச்சமிருந்த இடங்கள் ரொம்பக் கொஞ்சம், அதனால் நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஏன் இதையெல்லாம் இப்போது சொல்கிறேன் என்று பார்க்கிறாய். நேற்று நீ போனில், சர்ச்சில் பேசப்போவதை எனக்கு வாசித்துக் காட்டினாய். அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் அதில் ஒரு வாக்கியம் வருகிறது. ரூடி மாமாவின் கால் ஒரே ஒரு முறை தவறியது, அப்பா அதை அன்றைக்கே மன்னித்துவிட்டார் என்று. அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், முன்வரிசைக்காரர்கள் நாலு பேரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் அது விழக் கூடாது. பன்னிரண்டு வருடம் இடது கோடியில் நின்றேன். நான் விடாமல் ஒருத்தன்கூட என்னைத் தாண்டிப் போனதில்லை. சீகர்ஸும் தாண்டவில்லை. நான் விட்டேன், அவன் போனான். என் கால் தவறவில்லை டெல்லா, வைக்க நினைத்த இடத்தில்தான் வைத்தேன்.

உட்கார், ஏன் எழுந்துவிட்டாய். காலம் முழுக்க ஆட்டம் தெரியாதவன் மாதிரி நான் கெட்ட பேரைச் சுமந்திருக்கிறேன். எந்த நாளிலும் வாயைத் திறந்து சரிசெய்திருக்கலாம். கேட்டால் உன் அப்பாவின் மனசு நோகுமே என்றுதான், அவன் கண் மூடும்வரை பொறுத்துக்கொண்டேன். அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.