கதவில் வைத்த காது

குளிரை ஒருநாளும் குறைத்து மதிப்பிடாதவரே! கூர்ந்த செவியும் குறைந்த பேச்சும் கொண்டவரே! எங்கள் சோதனைக்கூடம் முழுதும் "ஐஸ் அக்கா" என்றே அழைத்து அன்பு கொண்ட அம்மையே! வணக்கம்.

உங்கள் பாராட்டு விழாவில் வாசிக்கும் இம்மடலை ஓர் ஐயத்தோடுதான் தொடங்குகிறோம். அன்று நடந்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்று தெரியவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். அந்தச் சத்தத்தை நீங்கள் மட்டுமே கேட்டீர்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறோம்.

நிலவில் இறங்கும் கலத்துக்காக, ஹீட்டர் இல்லாமலேயே உறைகுளிரைத் தாங்கும் மின்சுற்றுப் பலகையைச் செய்தோம். அங்கே ஓர் இரவு என்பது நமக்கு இரண்டு வாரம். அதைக் கடந்து பலகை கண் விழிக்க வேண்டும். விழிக்காவிட்டால் கலமே ஊமை. கடைசிச் சோதனையில், குளிர்பெட்டிக்குள் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரி. திரையில் எல்லா அளவுகளும் சரியாக இருந்தன. பெட்டிக் கதவில் காது வைத்திருந்த நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

"உள்ள டிக்குன்னு ஒரு சத்தம். எங்கயோ சால்டர் வச்ச ஒட்டு விரிசல் விடுது."

"அது என் முட்டி சத்தம்க்கா," என்றார் பெட்டியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றும் அண்ணன். அவர் மட்டுமே சிரித்தார்.

"மீட்டர் எல்லாம் சரின்னுதானே காட்டுது மேடம்? உங்க காதை நம்பி எப்படி மாத்துறது?" என்றார் இயக்குநர்.

"காதுக்கும் சேர்த்துத்தானே சார் சம்பளம் குடுக்கிறீங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் கதவில் காது வைத்தீர்கள். உங்கள் பேச்சை ஏற்று அந்தப் பலகையை இங்கேயே வைத்துக்கொண்டு, மாற்றுப் பலகையை மேலே அனுப்பினோம். அது தவறினால் பழி முழுதும் உங்கள் தலையில்.

நிலவில் இருள் கவிந்த நாள்களில் உங்கள் முகத்தைப் பார்க்கவே அஞ்சினோம். ஏனெனில் கீழே தங்கிய பலகை, திரும்பத் திரும்ப உறைய வைத்தும் பழுதாகவில்லை. நல்லதை நிறுத்திவிட்டு எதை அனுப்பினோம்? "வீட்டு ஃபிரிட்ஜ் டக்குன்னாகூட எந்திரிச்சுப் போய் காது வைக்கிறா," என்று உங்கள் கணவர் சோதனைக்கூட வாசலில் நின்று சொன்னார்.

அங்கே சூரியன் உதித்தது. பலகை பதில் சொன்னது. கூடமே கைதட்டியது. நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அடுத்த ராத்திரி இருக்கே," என்றீர்கள்.

துணிந்தவர்களுக்கு மடல்கள் பல வாசித்திருக்கிறோம். எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து அஞ்சிய ஒருவருக்கு வாசிப்பது இதுவே முதல்முறை. நலத்தோடும், நடுவில் கலையாத உறக்கத்தோடும் நீங்கள் நெடுநாள் வாழ்க!

இயக்குநர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். உங்கள் கணவர் அருகில் இருக்கிறார். மேலே போன பலகை இன்று காலை இரண்டாம் இருளுக்குள் நுழைந்தது. கீழே தங்கியது பெட்டிக்குள் இன்னும் இயங்குகிறது. அந்தச் சத்தம் எதுவென்று இன்றுவரை தெரியவில்லை. நைட்ரஜன் அண்ணன் விழாவுக்கு வரவில்லை. பெட்டிக் கதவில் காது வைத்து நிற்கிறார்.

அன்புடனும் அச்சத்துடனும்,
குளிர்ச்சோதனைப் பிரிவினர்