அளவுகோல் வைத்து வரைந்த வளைகோடு

— எக்ஸ் வர்க்கம் சமம் ஆறு எக்ஸ். ரெண்டு பக்கமும் எக்ஸ் இருக்கா இல்லையா? அப்புறம் என்னத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க? பக்கத்துக்கு ஒண்ணா அடிச்சுத் தள்ளு.

— அடிச்சுட்டேங்க.

— மிச்சம்?

— எக்ஸ் சமம் ஆறு.

— முடிஞ்சுது கதை. விடை ஆறு. கீழ ரெண்டு கோடு போட்டு மூடு. இதுக்குப் போய் மூணு தடவை பரீட்சை எழுதியிருக்க.

— ஏங்க, விடை அது ஒண்ணுதானா?

— கவனி. நான் சொல்றதை எழுது. கேள்வி கேக்கறது பாடம் தெரிஞ்சவங்க வேலை.

— தம்பி, என்னடா பேச்சு இது? சனிக்கிழமை அரை நாள் வேலை முடிஞ்சு இப்பத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழட்டியிருக்கா. ஒரு வாய் தண்ணி குடிக்க விடேன். பரீட்சைதான் எழுதி முடிச்சாச்சே, ரிசல்ட் வர்றதுக்குள்ள இன்னும் என்னடா பாடம்?

— அடுத்த பரீட்சைக்குக்கா.

— எழுதினதுக்கே ரிசல்ட் வரலையேடா!

— வந்து? ரெண்டு தடவை வந்துச்சே, பார்த்தோமே. இது மட்டும் வேற திசையிலிருந்தா வரப் போகுது?

— அட போடா. நீ பொறந்த நேரத்துல நல்ல வார்த்தைக்குப் பஞ்சம் போல. ஏன் பொண்ணே, இவன் இப்படிப் பேசறான், நீயும் வாயைத் திறக்காம நோட்டைத் தூக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்துட்ட?

— நான்தான் அண்ணி இன்னைக்குச் சொல்லித் தரச் சொன்னேன். நீங்களும் வந்திருக்கீங்கன்னு.

— நான் இருந்து என்ன பண்ண? தலையணை உறை தைக்கத்தான் எனக்குத் தெரியும். அது சரி, அந்த ஸ்டோர் வேலையை இன்னும் உனக்குன்னு வச்சிருக்காங்களா?

— வச்சிருக்காங்க அண்ணி. இத்தனை வருஷமா அதே மருந்து ஸ்டோர்ல தினக்கூலியா நிக்கறேன். பத்தாவது பாஸ்னு ஒண்ணு இருந்தா நிரந்தரம் ஆக்கிடுவாங்க. மத்த பாடமெல்லாம் முதல் தடவையே தேறிட்டேன். இந்தக் கணக்குலதான் ரெண்டு தடவையும் நூல் அளவுல போச்சு. இந்த வருஷமும் இல்லைன்னா வெளியிலிருந்து ஆள் எடுத்துடுவாங்களாம்.

— குவார்ட்டர்ஸும் உண்டுன்னியே?

— உண்டு அண்ணி. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளயே. மாடியில, ரெண்டு ரூம். சமையல்கட்டுல ஜன்னல் இருக்கு.

— ஜன்னலா! இங்க அடுப்படியில நின்னா பகல்லயே விளக்குப் போட வேண்டியிருக்கு. இந்த ஈரம் ஊர்ற சுவரை விட்டு எப்படா கிளம்புவீங்கன்னு இருக்கு எனக்கு.

— அக்கா, கட்டாத வீட்டுக்கு வெள்ளையடிக்காத.

— அங்க போனா இவனுக்குத்தான் கஷ்டம், தெரியுமா பொண்ணே? கேட்ல நிக்கறவன் ‘யாரு சார் நீங்க, யாரைப் பார்க்கணும்’னு கேப்பான். இவன் பவ்யமா நின்னு, ‘நான் ஸ்டோர் அம்மாவோட வீட்டுக்காரருங்க’ன்னு சொல்லணும்!

— சிரிச்சு முடிச்சுட்டா பாடத்தைப் பார்க்கலாமா?

— விளையாட்டுக்குச் சொன்னா முகத்தை ஏன்டா தூக்கி வச்சுக்கற? நீ வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதித் திரும்பி வந்தப்போ இவ ஒரு நாளாவது சிரிச்சாளா? ஒவ்வொரு தடவையும் கூடவே பஸ்ல வந்து, வெயில்ல வாசல்லயே உக்காந்திருந்தா.

— அதை ஏன் இப்ப எடுக்கற? நான் டியூஷன் வாத்தியார்தான். அதை எனக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டாம். கவனிம்மா. இருபடிச் சமன்பாட்டை வரைபடமா வரையணும். ஒய் சமம், எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஆறு எக்ஸ். எக்ஸுக்கு ஒவ்வொரு மதிப்பா கொடு. ஒய் என்ன வருதுன்னு சொல்லு.

— சைபருக்கு சைபர். ஒண்ணுக்கு மைனஸ் அஞ்சு. ரெண்டுக்கு மைனஸ் எட்டு. மூணுக்கு மைனஸ் ஒன்பது. நாலுக்கு... மறுபடியும் மைனஸ் எட்டு. அஞ்சுக்கு மைனஸ் அஞ்சு. ஆறுக்கு சைபர்.

— பரவாயில்லையே. பெருக்கலாவது வருது.

— இறங்கின மாதிரியே ஏறுதுங்க. மூணுல போய் அடியைத் தொட்டுட்டு, போன வழியை மறக்காம அப்படியே திரும்பி வருது. எவ்வளவு அழகு!

— அழகு பார்க்கற நேரமா இது? அச்சு ரெண்டையும் போட்டியா? புள்ளியெல்லாம் வை. ம்... வச்சாச்சா? இப்ப ஸ்கேலை எடு.

— ஸ்கேலா?

— பின்ன என்ன, கரண்டியா? முதல் புள்ளியையும் ரெண்டாவதையும் சேர்த்து ஒரு கோடு. ரெண்டாவதையும் மூணாவதையும் சேர்த்து ஒரு கோடு. அப்படியே வரிசையா இழுத்துக்கிட்டுப் போ.

— கையால வளைச்சு வரையக் கூடாதாங்க?

— உன் கை நடுங்கும். கோடு கோணிக்கும். திருத்தறவன் பார்த்ததும் முகம் சுளிப்பான். ஸ்கேல் வச்சா சுத்தமா இருக்கும். உனக்கு அது போதும்.

— தம்பி, நான் எட்டாவதோட நின்னவ, தப்புன்னா சொல்லு. இந்தப் புள்ளியெல்லாம் கிண்ணம் மாதிரி வளைஞ்சு வருது. நீ ஸ்கேல் வைக்கச் சொன்னதும் உடைஞ்ச சட்டி மாதிரி இடத்துக்கு இடம் முனை குத்துதே?

— அக்கா, நீ உறையைத் தை. உன் தையலுக்குள்ள நான் வர்றேனா?

— அட போடா. சும்மா கண்ணுல பட்டதைச் சொன்னேன்.

— ஏங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. படம் குறுக்குக் கோட்டை ரெண்டு இடத்துல வெட்டுது. இங்க சைபர்ல ஒண்ணு, அங்க ஆறுல ஒண்ணு. மேல கணக்குப் போட்டப்போ நமக்கு ஆறு மட்டும்தானே வந்துச்சு?

— சைபர்ல வெட்டறது வெட்டறதா? அது படம் கிளம்பற இடம். எல்லாப் படமும் எங்கயாவது ஒரு இடத்துல கிளம்பித்தானே ஆகணும்? அதை விடைன்னு எழுதினா சிரிப்பாங்க.

— எனக்கே ரெண்டு வெட்டு தெரியுதேடா.

— சைபர்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்கா. ஒண்ணுமில்லாததைப் போய் எவனாவது விடைன்னு எழுதுவானா?

— நிச்சயமாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் ஒரு தடவை எழுதிட்டா அப்படியே மனசுல பதிச்சுக்குவேன்.

— நிச்சயம். விடை ஆறு. ஆறு மட்டும்.

— சரிங்க.

— அதானே, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவன்கிட்ட படிக்கற பிள்ளைங்கதான் நூத்துக்கு நூறுன்னு வாங்கிட்டு வருதே. ஆனா ஏன்டா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வர்ற கணக்கு, கூடவே இருக்கற இவளுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

— நான் தூவற விதை ஒண்ணுதான்கா. விழற இடத்தைப் பொறுத்தது. எல்லாருக்கும் எல்லாம் வாய்க்காது. நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், இருக்கற கூலியே போதும், விடுன்னு. கேட்டாத்தானே.

— ஏங்க.

— இன்னும் என்ன?

— போன வாரம் அந்த ரெட்டைச் சடைப் பொண்ணு ஏன் அழுதுக்கிட்டே போச்சு?

— எந்தப் பொண்ணு?

— முன்னறையில, உங்க டியூஷன்ல. அவ கிராஃப் தாளை நாலா கிழிச்சுப் போட்டீங்களே. மறுநாள் நான்தான் பெருக்கினேன்.

— கவனக்குறைவு. கண்டிச்சேன். அதுக்கென்ன இப்போ?

— என்ன கவனக்குறைவுங்க?

— அதெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டா இருப்பாங்க?

— எனக்கு ஞாபகம் இருக்கு. புள்ளியையெல்லாம் ஸ்கேல் வச்சுச் சேர்த்திருந்தா. ‘இது என்ன வேலியா, முள்ளு முள்ளா நிக்குது? வளைகோட்டை வெறுங்கையால வரையணும், மணிக்கட்டைத் தூக்காம ஒரே மூச்சுல வரணும், ஒரு முனை தெரிஞ்சாலும் மார்க் போச்சு’ன்னீங்க.

— தம்பி?

— அது... அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு. அவங்களுக்கு முறை வேற.

— அந்தக் கண்ணாடி போட்ட பையனுக்கும் முறை வேறயாங்க? ரெண்டு பக்கமும் இருந்த எக்ஸை அடிச்சுட்டான்னு அவன் காதைத் திருகினீங்க. ‘எக்ஸ் சைபராவும் இருக்கலாமேடா, சைபரால வகுக்கலாமா? எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டுவா, பொதுவா இருக்கற எக்ஸை வெளிய எடு, ரெண்டு விடை தானா வந்து நிக்கும்’னீங்க. பாதி விடையோட எழுந்தவன், கோயிலுக்குக் கும்பிடப் போயிட்டு வாசலோட திரும்பினவன் மாதிரின்னு சொன்னீங்க. நல்லா இருந்துச்சு அது. ரொம்ப நாள் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

— ஒட்டுக் கேட்டியா நீ?

— ஒட்டுக் கேக்கவே வேண்டாங்க. முன்னறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒத்தைக்கல் சுவர். நீங்க உயிரைக் கொடுத்துச் சொல்லித் தருவீங்க. நான் குழாயை மூடிட்டு, தேய்ச்ச பாத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டே நிப்பேன். அவ்வளவு தெளிவா, அவ்வளவு பொறுமையா சொல்லித் தருவீங்க. அப்புறம் பிள்ளைங்களை அனுப்பிட்டு இந்த மேசைக்கு வந்து, எனக்கு வேற ஒண்ணைச் சொல்வீங்க.

— டேய். இவ சொல்றது நிஜமா?

— அவளுக்கு எளிமையா இருக்கட்டும்னு ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன்கா. அவ்வளவுதான்.

— பெயிலாகறதுக்கு எதுக்குடா குறுக்கு வழி?

— அக்கா, நீ இதுல தலையிடாத.

— தலையிடுவேன். இவ ரெண்டாவது தடவை பெயிலான அன்னைக்கு என்கிட்ட போன்ல என்ன சொன்ன? ‘மரமண்டைக்கா, நான் மாடா உழைக்கறேன்’னு சொன்ன. நானும் நம்பி, உனக்காக அழுதேன்டா! உனக்காக!

— நான் என்ன பண்ணட்டும்? சொல்லு, என்ன பண்ணட்டும்? எனக்கு ஒரு வேலை கொடுக்க ஒருத்தனும் இல்ல. வயசும் தாண்டிப் போச்சு. இந்த ஒரு முன்னறையிலதான் நான் சார். அந்தக் கேட்டைத் தாண்டினா நான் யாரு? நீ சிரிச்சுக்கிட்டே சொன்னியே, அதை நான் ரெண்டு வருஷமா தூக்கமில்லாம சொல்லிப் பார்த்துட்டு இருக்கேன். அவ பேர் எழுதின கதவுக்குள்ள, அவ தயவுல...

— என் தயவுலயா? இத்தனை நாள் என் கூலியில இந்த வீட்டு வாடகை போச்சே, அப்ப உங்களுக்கு அது தெரியலையாங்க?

— அது வேற. அது வெளிய தெரியாது.

— சீ! இதையும் ஒரு பேச்சுன்னு பேசறியேடா.

— அக்கா, போதும். சரி, தப்புதான். ஒத்துக்கறேன். என்னமோ புத்தி கெட்டுப் போச்சு. இந்தா, அந்தத் தாளைக் கொடு. கிழிச்சுப் போட்டுடலாம். புதுத் தாள் எடும்மா. முதல்லேர்ந்து, ஒண்ணு விடாம, அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்லித் தரேன். இந்தத் தடவை போனா போகட்டும். அடுத்த பரீட்சையில நீ தேறுவ. சாமி சத்தியமா சொல்றேன்.

— அடுத்த பரீட்சை இல்லீங்க. காலையிலயே ரிசல்ட் வந்துடுச்சு. இந்தத் தடவை சுவத்துக்குப் பின்னால நின்னு கேட்டதைத்தான் எழுதினேன். பாஸ்.

— அடி என் தங்கமே! இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமயா உக்காந்திருந்த?

— பாஸா? அப்ப... அப்ப எதுக்கு இப்படி ஒண்ணும் தெரியாதவ மாதிரி வந்து உக்காந்து, சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டு...

— ரிசல்ட்டைப் பார்த்துச் சொன்ன அதிகாரி கையோட கேட்டார்ங்க, குவார்ட்டர்ஸுக்கு எத்தனை பேர் குடிவருவீங்கன்னு. வீட்ல கேட்டுட்டு திங்கக்கிழமை சொல்றேன்னு வந்தேன். ஒருத்திதான்னு சொல்லிடறேன்.