சப்பட்டை மலை

"ஹலோ... ஹலோ... பாகீரதியா? நான்தான், செம்பூர் அகிலாண்டம்... ஆமா, ஆமா, கீழாத்து டாக்டர் போன்லேர்ந்துதான். உன்னை மாதிரி ஆத்துக்குள்ளேயே போனா வச்சிருக்கேன்?... சும்மாத்தான் கூப்பிட்டேன்."

சும்மா இல்லை, கண்ணுகளா. இருவருடைய கணவன்மாரும் மாதுங்காவில் ஒரே ஆராய்ச்சிக்கூடம். இன்று பதினொரு மணிக்குப் பேராசிரியர் முன்னால் இருவரும் அளந்து காட்ட வேண்டும். இருப்பதோ ஒரே உத்தியோகம்; சரியாக அளப்பவருக்குத்தான் அது. அகிலாண்டத்துக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"... தெரியும்டி. மயிரிழைக் கண்ணாடிக் குழாயிலே பாதரசம். கரண்ட்டை ஏத்த ஏத்த அதோட மேல்பரப்பு விறைச்சுக்கும், அப்புறம் தளரும். படம் போட்டா மலையாட்டம் வரணும்... ஆமா, ஆமா. உங்காத்துக்காரருக்கு மலை. எங்காத்துக்காரருக்கு உச்சி அமுங்கின சப்பட்டை! ஒரே மாதிரிக் குழாய், ஒரே பாதரசம். ஏதோ தில்லுமுல்லு... ஐயோ, கோவிச்சுக்காதே. எனக்குத்தான் ஆறலை. பூதக்கண்ணாடியிலே பார்த்துப் பார்த்துக் கண் எரியறதுன்னு, இந்த ரேஷன் நாள்லேயும் தினம் அவர் உச்சியிலே எண்ணெய் வைக்கறேன். இன்னிக்குச் சனிக்கிழமை, ரெண்டு கரண்டி கூடவே... உனக்கென்ன, உங்காத்துக்காரர் தலையிலே எண்ணெய் வைக்க என்ன இருக்கு? வழுவழுன்னு... சிரிக்காதே... என்ன?... எண்ணெயா?... துளிப் பிசுக்கு பட்டாலே உச்சி அமுங்கிடுமா?"

யோசனை வந்தால் தலையைக் கோதுவது அகிலாண்டத்தின் கணவர் வழக்கம். கோதின விரலாலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அது என்றைக்கும் மங்கல்தான். அந்த விரல்கள்தானே குழாயையும் தொடும்? அகிலாண்டம் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

"... மணி என்ன அங்கே?... பத்தரையா! நான் குர்லாவிலே வண்டி மாறி எப்போ மாதுங்கா வந்து சேர... ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் பண்ணினா யாரும் எடுக்கறதில்லைடி... பாகீரதி... நீங்க கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கேள், உங்காத்துக்காரர் கிளம்பிட்டாரா?... செருப்பு மாட்டிண்டிருக்காரா..."

போயும் போயும் இவளிடமா உதவி கேட்பது?

"... அவர்கிட்டே சொல்லேன்டி. என்னவரைக் குழாயடிக்கு இழுத்துண்டு போய், சோப்புப் போட்டுத் தலையை... கையையும்... புதுக் கண்ணாடிக் குழாயா எடுத்துக்கட்டும்... ஆமா, நான்தான் கேக்கறேன்... பாகீரதி? ஏன் பேச மாட்டேங்கறே? ஹலோ?"

மறுமுனையில் போனை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற மெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"... ஹலோ... சொல்லிட்டியா? ஓடிப்போய்ப் பிடிச்சியா?... நன்னாயிருப்பேடி... இல்லை, உன்மேலே எரிச்சல் இன்னும் போகலை. வச்சுடறேன்."