உலகம்மா ஓடை

ரொம்ப முந்தி, ரோடெல்லாம் வெறும் வண்டித்தடமாக் கெடந்த காலம். சிந்தலக்குளம்னு ஒரு ஊரு. ஊருக்குக் கெழக்க ஒரு ஓடை. ஓடையில தண்ணி பெருசில்ல, சகதிதான் பெருசு. கரிசச் சகதி. கடக்கரையிலருந்து உப்பு வண்டி வரும், ஓடையில எறங்கும், எறங்குனா அச்சு வரைக்கும் பொதைஞ்சு நிக்கும். ஐப்பசி, கார்த்திகையில நாளைக்கு நாலு வண்டியாவது மாட்டிக்கிட்டு முழிக்கும்னு சொல்லுவாக.

எங்க பூட்டன் அணஞ்சபெருமாள்தான் மொதல்ல அந்த ஓசனையச் சொன்னாரு. அவருதான்! இத மனசுல போட்டுக்கிடுங்க. "ஏலே, இந்தக் கரையில ஒரு சோடி மாட்டக் கட்டிப்போட்டு, பொதைஞ்ச வண்டிய இழுத்துவிட்டா, வண்டிக்கு ஒரு மரக்கா உப்புன்னாலும் வீடு நெறைஞ்சு போகும்லே"ன்னாரு. சொன்னாரு. மறுவருசமும் சொன்னாரு. கல்யாண வீட்ல சொன்னாரு, எழவு வீட்ல சொன்னாரு. பன்னெண்டு வருசம் சொன்னாருன்னா பாத்துக்கிடுங்க.

அதே ஊர்ல உலகம்மான்னு ஒருத்தி. புருசன் செத்து, ரெண்டு பொம்பளப் பிள்ளையோட கெடந்தவ. இருந்தது ஒத்த மாடு. தங்கச்சி வீட்லருந்து இன்னொரு மாட்ட, வர்றதுல பங்கு தாரேன்னு வாரத்துக்குப் பிடிச்சா. ஐப்பசி பொறந்த அன்னைக்கு ஓடைக்கரையில மொளையடிச்சுக் கட்டிட்டா.

மொத வண்டிய இழுத்தா, வடம் அத்துப்போச்சு. ரெண்டாவது வண்டிக்கு மாடு முட்டிபோட்டுருச்சு. ஊரே சிரிச்சுச்சாம். எங்க பூட்டன் எல்லாருக்கும் மேல சத்தமாச் சிரிச்சாராம். அவ போயி பனமட்டைய வெட்டிச் சகதியில பரப்புனா. மூணாவது வண்டிக்காரன்கிட்ட, "அண்ணே, மொதல்ல மூட்டைய எறக்குவோம், பெறகு இழுப்போம்"னா. அவன் மொறைச்சான். அவளே ஒரு மூட்டையத் தலையில தூக்கிக் கரையில வச்சா. அவனுக்கு வெக்கமாப் போச்சு, மிச்சத்த அவன் எறக்குனான். வெறும் வண்டி விருட்டுன்னு கரையேறிருச்சு.

மழைக்காலம் முடியுமுன்ன அவ வீட்ல உப்பு குமிஞ்சுபோச்சு. உப்பக் குடுத்துச் சோளம், சோளத்தக் குடுத்துக் கன்னுக்குட்டி. எங்க பூட்டனுக்குச் சோறு எறங்கல.

"என் ஓசனையத் திருடிட்டாளே!"

பூட்டி சொன்னாளாம்: "ஒம்ம மாட்ட அங்க கட்டவேணாம்னு எவன் கையப் பிடிச்சான்?"

அந்தக் கோவத்துல பூட்டன் நேரா ஊர்க்கூட்டத்துக்குப் போயிட்டாரு. நாட்டாமை கேட்டாரு, ரோசிச்சாரு. "சரி, ஒருநாள் ஓடை ஒனக்கு. பொழுது சாயுமுன்ன மூணு வண்டிய ஏத்திட்டா, பாதி ஓடை ஒன்னோடது. ஏத்தலன்னா, இனி அதப்பத்திப் பேசப்படாது."

உலகம்மா சரின்னுட்டா. போகும்போது மெதுவா, "மாமா, மூட்டைய மட்டும் எறக்கிருங்க"ன்னா.

"நீ எனக்குச் சொல்லுதியா? ஒன் மாடு கெழட்டு மாடு, அதுக்கு எறக்கணும். என் காளை மாட்டுத்தாவணியில தேடி வாங்குன காளை. அதுக்கு மூட்டைய எறக்குனா என் மீசைக்கு என்ன மருவாதி?"

ராத்திரி பெஞ்ச மழையில ஓடையில முழங்காலுக்கு மேல தண்ணி. மறுநாள் மொத வண்டி வந்துச்சு. பதினாலு மூட்டை உப்பு. பூட்டன் அப்படியே பூட்டுனாரு, சாட்டைய எடுத்தாரு, "ஹேய்!"னாரு. காளை நல்ல காளைதான், அதக் கொறை சொல்லமாட்டேன். இழுத்த இழுப்புல அச்சு மடார்னு முறிஞ்சு, வண்டி கொடசாஞ்சு, பதினாலு மூட்டையும் தண்ணிக்குள்ள போயிருச்சு. உப்பு தண்ணிக்குள்ள போனா என்ன ஆகும்? வண்டிக்காரன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "ஐயோ, என் பொழப்பு கரையுதே!"ன்னு கத்துதான். பூட்டன் சாட்டையப் பிடிச்சபடி நிக்காரு.

உலகம்மாவும் பிள்ளைகளும் தண்ணிக்குள்ள குதிச்சு ஆறு மூட்டைய இழுத்துப் போட்டாக. கரைஞ்ச எட்டுக்கு அவ வீட்டு உப்ப அள்ளிக் குடுத்தா. பூட்டன ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் அவருக்குத் தாங்கல. நாலு ஏச்சு ஏசியிருந்தாக்கூட அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பாரு.

"இனி நானும் என் வம்சமும் இவ ஓடைய வண்டியில ஒக்காந்து கடக்கமாட்டோம்!"னு சத்தியம் பண்ணிட்டாரு.

இப்ப அங்க பாலம் வந்தாச்சு. பாலத்துக்கும் பேரு உலகம்மா ஓடைப் பாலம்தான். ஓசனை சொன்னவரு பேரு எங்கயாவது இருக்கா? ஒரு கல்லுல? ம்ஹூம். நாங்க மட்டும் இந்தக் கரையில பஸ்ஸ நிறுத்தி எறங்கி, நடந்து, அந்தக் கரையில ஏறுவோம். கல்யாணக் கார்ல போற பொண்ணு மாப்பிள்ளையும் எறங்கணும். வெளியூர்க்காரன் ஏன்னு கேட்டா, "பூட்டனுக்குச் செய்ற மருவாதி"ம்போம்.

மருவாதியாவது மண்ணாவது. வயித்தெரிச்சல்! நாலு தலமொறையா அணையாத வயித்தெரிச்சல். எனக்கு முட்டு ரெண்டும் தேஞ்சுபோச்சு, இன்னமும் நடந்துதான் கடக்கேன். நீங்க ஒக்காந்தே போங்க.