சேஃப்டி ஆபீசர் கையில் ரிமோட்

வீரராகவன்: ...ஆகவே குடும்பத்தார் அனைவரின் கவனத்துக்கும்! இன்று காலை ஒன்பது பத்துக்கு, கும்மிடிப்பூண்டி வரலாற்றிலேயே முதன்முறையாக, பதினோரு வயசான ஒரு கார், உள்ளே ஆளே இல்லாமல், மொட்டை மாடியிலிருந்து ஒரே ஒரு ரிமோட் பட்டனில் ஸ்டார்ட்...

சுமலதா: குடும்பத்தார்னா பொண்டாட்டி நான் ஒருத்திதான் நிக்கிறேன். சீக்கிரம் அமுக்கு மாமா. பத்து மணிக்கு இன்டர்வியூ.

வீரராகவன்: ஃபேக்டரில நான் மைக்கைப் புடிச்சா எண்ணூறு பேரு கம்முனு நிப்பான். சேஃப்டி ஆபீசர் பேசிக்கினு கீறப்ப குறுக்க...

சுமலதா: எட்டு வருசமா கார் கம்பெனிக்கு ஒயர் சொருகிக்கினு கீறேன். இப்பத்தான் சூப்பர்வைசருக்குக் கூப்ட்டுகீறாங்க. கம்பெனி பஸ்ஸையும் உட வெச்சிட்ட.

வீரராகவன்: நீ படி எறங்கறதுக்குள்ள ஏசி ஜில்லுனு இருக்கும். சூப்பர்வைசராட்டமே போய் எறங்கு. பாரு... மூணு... ரெண்டு... ஒண்ணு...

சுமலதா: காரு மேல குந்திக்கினு கீற காக்கா கூட அசையல.

வீரராகவன்: சிக்னல் போய்க்கினு கீது. இன்னொரு வாட்டி...

சுமலதா: ஐயோ, சைரன்! நிறுத்து! எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் கேக்கும்!

வீரராகவன்: காக்கா பறந்துச்சா இல்லியா? அலாரம் பாஸ்!

சுமலதா: தெருவுல கருவாடு காய வெச்சிக்கினு இருந்த கெங்கம்மா அக்கா நம்ம பரம்பரையவே திட்டுது. மொதல்ல நிறுத்து... அப்பாடா. எந்த ஒயரை எதுக்குக் கொடுத்த?

வீரராகவன்: மஞ்சளுக்கு மஞ்சள், செவப்புக்கு செவப்பு.

சுமலதா: கலர் பாத்து ஜோடி சேக்கறதுக்கு இது இன்னா ஜாக்கெட் பிட்டா? டயக்ராம் பாத்தியா?

வீரராகவன்: நீ கம்பெனில சொருகறது வேற சுமா. இது இன்ஜினியரிங்.

சுமலதா: சரிங்க இன்ஜினியர் சார். சாவி போட்டே ஸ்டார்ட் பண்ணு. மணி ஒம்பதே கால்.

வீரராகவன்: சாவி ஒயரை வெட்டித்தான... இந்த ரிமோட்டுக்குக் கொடுத்துகீறேன்.

சுமலதா: வெட்டிட்டியா? எங்க நைனா கொடுத்த காரு மாமா அது!

வீரராகவன்: பேஜார் பண்ணாத. கையைத் தூக்கிப் புடிச்சா சிக்னல் நல்லா போவும். வீரராகவப் பெருமாளே... கேட்டியா! இன்ஜின்! ஆளில்லாம ஸ்டார்ட் ஆச்சி!

சுமலதா: மாமா... காரு நவுருது.

வீரராகவன்: அது அதிர்வு. பழைய வண்டின்னா...

சுமலதா: அதிர்வு வாசக் கேட்டாண்ட போய்க்கினு கீது!

வீரராகவன்: ஆஃப்! ஆஃப்! எந்த பட்டன்...

சுமலதா: கேட்டு போச்சி.

வீரராகவன்: இடிச்சா நின்னுடும். நின்னுடும் பாரு...

சுமலதா: கருவாடும் போச்சி. ம்... இப்போ நின்னுச்சி. நல்ல வேளை, அக்கா தள்ளி நின்னு திட்டுச்சி. கியர்லயா வுட்டு வெச்ச?

வீரராகவன்: ஹேண்ட்பிரேக் லூசு. ஒரு சேஃப்டிக்குத்தான்...

சுமலதா: கியர்ல வுடாதன்னு நீ பாத்து ஒயர் கொடுத்த அந்த வீடியோல சொல்லலியா?

வீரராகவன்: அது இந்தி வீடியோ சுமா. நடுவுல அந்தாளு கியரைக் காமிச்சி, கையெடுத்துக் கும்புட்டு, ரொம்ப நேரம் பேசினான். விளம்பரம்னு ஓட்டிவுட்டுட்டேன். இன்னா சுமா, மூஞ்சிய மூடிக்கின? எட்டு வருசமா நீ காத்துக்கினு இருந்த வேலை. என்னால போச்சி. நானே வந்து உங்க மேனேஜராண்ட சொல்றேன், தப்பு என்னுதுன்னு. மைக்குல கூட சொல்றேன். அழுவாத சுமா... மூஞ்சியைத் தெற.

சுமலதா: அழுவல. சிரிப்ப அடக்கிக்கினு கீறேன்.

வீரராகவன்: சிரிப்பா? மணி ஒம்பதரை! இன்டர்வியூ?

சுமலதா: நீ ஒயரைக் கையில எடுத்த அன்னிக்கே உன்னாண்ட தேதிய ஒரு நாள் தள்ளி சொல்லிட்டேன். இன்டர்வியூ நேத்தே முடிஞ்சிது. இன்னிக்கு சூப்பர்வைசர் வேலை ஆர்டர் வாங்கத்தான் போறேன், ஷேர் ஆட்டோல.